ஈர மணல்

சாய்ந்தமருதுக் கரையில் மீன் வாடிக் கொட்டிலுக்குக் காவலிருக்கும் ஆதம்பாவா, கறுவலைத் தன்னுடைய நாய் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வாடியோடு கிடக்கும் கிழட்டு நாய், அவ்வளவுதான்.

ஆனால் ஓகஸ்ட் வெயிலில் அது நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு இளைத்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன் ஒரு வாளித் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். நாய் எழுந்து உடம்பை உதறியது. அவர் உடுத்திருந்த சாரமெல்லாம் நாயின் ஈரம். நாயின் ஈரம் பட்டால் அசுத்தம்; இனித் தொழுவதென்றால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால்.

சோறு கொண்டுவந்த மனைவி ஹாஜறா கேட்டாள்: "நீங்க நாயக் குளிப்பாட்டினீங்களா, நாய் உங்களக் குளிப்பாட்டிச்சா?"

மறுநாளிலிருந்து அவர் நாயை விட்டுவிட்டு மணலை நனைத்தார். கவிழ்த்த தோணியின் நிழலில் இரண்டு வாளி ஊற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். கறுவல் வந்து, வயிற்றை ஈர மணலில் அழுத்திப் படுத்துக் கண்ணை மூடும்.

"இப்ப நல்லாத் தூங்குது," என்றார் ஹாஜறாவிடம்.

"ஓம். நாப்பது வருஷமா நான் குசினிக்குள்ள அடுப்போட வேகிறன். அந்த வாசல்லயும் ஒரு வாளி ஊத்துங்களன்."

அன்று பின்நேரம் வீட்டுக்குப் போய்க் குசினி வாசலில் மூன்று வாளி ஊற்றினார். ஹாஜறா செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஈரத்தில் நின்றபடியே மீன் கழுவினாள்.