சிவப்பில் பதினோரு பேர்

மண்டல கல்வி அதிகாரி வேலை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேலே இருந்து வரும் வாட்ஸ்அப்பைக் கீழே தள்ள வேண்டும், கீழே இருந்து வரும் புலம்பல் மேலே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் குரூப்பில் "நோட்டட் சார்" போட்டே பாதி ஆயுளைக் கழித்தவர் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், நமக்குள் அறிமுகம் தேவையில்லை.

எனக்கு ஊர் சித்தூர், வேலை சத்தியவேடு பக்கம் ஒரு மண்டலத்தில். வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு, கம்ப்யூட்டரில் இங்கிலீஷ். இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்ததில், எதைப் பார்த்தாலும் அதில் ஒரு வரிசை இருக்கிறதா என்று தேடும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. பஸ் டிக்கெட் நம்பரைக்கூட விடமாட்டேன். இந்த வருடம் தசரா லீவு முடிந்ததும் அந்தப் பழக்கத்துக்குத் தீனியாக எங்கள் ஜில்லாவுக்கு ஏஐ வந்தது. எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தப் போகிறது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுமாம். நிறுத்தப் போகிற பிள்ளையின் பேர் சிவப்பில் வரும், சந்தேகக் கேஸ் மஞ்சளில், மற்றதெல்லாம் பச்சையில்.

திருப்பதியில் ட்ரெய்னிங்

முதலில் திருப்பதிக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் பழக்கினார்கள். ஏசி ஹால், மதியம் புளியோதரை, மேடையில் மீசை சரியாக முளைக்காத ஒரு பயிற்சியாளர். பட்டியல் எப்படித் தயாராகிறது என்று தெலுங்கில் வேகமாகச் சொன்னார். பயம் தெளியட்டும் என்று, ஏஐயிடம் மனதில் இருக்கும் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு சயின்ஸ் வாத்தியார். ஒன்பது வருடமாகக் காட்டோரப் பள்ளியில் இருக்கிறார், மனைவிக்குத் திருப்பதியில் வேலை. பாவம் மனிதர், எனக்கு எப்போது டிரான்ஸ்பர் கிடைக்கும் என்று தெலுங்கில் டைப் செய்துவிட்டார். பதில் ஒரு பக்கத்துக்கு வந்தது. உங்கள் உணர்வு புரிகிறது, விதிமுறைப்படி முன்னுரிமை உண்டு, பொறுமையாக இருங்கள், சம்பந்தப்பட்ட அதிகாரியை அணுகுங்கள். சம்பந்தப்பட்ட அதிகாரி நான்தான், பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"இது நம்ம டிபார்ட்மென்ட்லயே முப்பது வருசம் வேல செஞ்ச மாதிரி பேசுது மேடம். பரிசீலனலோ உந்தியாம், பரிசீலனையில இருக்குதாம்."

முதல் பெஞ்சில் ஆப்சென்ட்

ஊர் திரும்பியதும் எங்கள் மண்டலத்துப் பட்டியல் வந்தது. சிவப்பில் பதினோரு பேர். மாதக் கடைசிக்குள் சிவப்பே இருக்கக் கூடாது என்று கூடவே உத்தரவு. பதினோரு பேரில் ஒருத்திதான் பத்தாம் கிளாஸ், பேர் கௌசல்யா. வருகை நாள் பாதிக்குப் பாதி குறைகிறது, இப்படியே போனால் பரீட்சைக்கான நாமினல் ரோலில் அவள் பேரை அனுப்ப முடியாது என்று அவள் ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். பேர் போகவில்லை என்றால் பரீட்சை இல்லை. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்த பெண் திரும்ப வந்து பத்தாவது எழுதியதை நான் அதிகம் பார்த்ததில்லை. அவளைத்தான் முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் கணக்கு டீச்சர் புத்தியோடு ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒன்றாம் நம்பர் ஆறாம் கிளாஸ் பையன். பத்து நாளாகத் தொடர்ந்து ஆப்சென்ட் என்று இருந்தது. பள்ளிக்குப் போய் அவன் வீடு எங்கே என்று விசாரித்தால், அந்த டீச்சர் முதல் பெஞ்சைக் காட்டினார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். புரட்டாசிக்குக் குடும்பத்தோடு திருமலை ஏறி முடி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். வருகைப் பதிவு செல்போனில் முகத்தைக் காட்டி எடுப்பது. முடி இல்லாத முகம் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

பத்து நாளும் பையன் வந்திருக்கிறான், பாடம் படித்திருக்கிறான், மதியச் சாப்பாட்டில் முட்டை வாங்கித் தின்றிருக்கிறான். திருத்துவதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை ஏன் அழுத்தவில்லை என்று டீச்சரைக் கேட்டேன். அவர் நிஜமாகவே சங்கடப்பட்டார்.

"மிசினே இல்லன்னு சொல்லும்போது, இருக்கான்னு நான் எப்டி மேடம் சொல்றது?"

மூன்று நாள் வைத்தியம்

அடுத்த வாரம் கௌசல்யாவின் ஹெட்மாஸ்டர் கோதண்டம் சந்தோஷமாகப் போன் செய்தார். அவர் பள்ளியில் மூன்று சிவப்பு இருந்தது, இப்போது ஒன்றுகூட இல்லையாம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கண்டுபிடித்த வைத்தியத்தை லேப்டாப்பில் செய்தே காட்டினார். திருத்தும் பட்டனை அழுத்தித் தொடர்ந்து மூன்று நாள் பிரசன்ட் போட்டால் சிவப்பு மஞ்சளாகிறது, ஒரு வாரம் போட்டால் பச்சையே வந்துவிடுகிறது. கௌசல்யா பேரும் மஞ்சளில் இருந்தது. பெண் வந்தாளா என்றேன். வரவில்லை என்றார்.

கோதண்டம் மோசமான ஆள் இல்லை. பத்தாம் கிளாஸ் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொந்தக் காசில் சுண்டல் வாங்கிக் கொடுப்பவர். ஆனால் ரிவியூ மீட்டிங்கில் சிவப்பு வைத்திருப்பவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும், நான் உட்பட. எழுந்து நிற்க யாருக்குப் பிடிக்கும்? இப்படியே விட்டுவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது கொஞ்சம் நீளமான நிமிஷம். மூன்று நாள் பொய்யில் கலர் மாறும், அவளுக்குக் குறைகிற நாள் மாறாது சார், எல்லாவற்றையும் பழையபடி திருத்துங்கள் என்றேன். அவருக்கு நான் சொல்வது உண்மையிலேயே விளங்கவில்லை.

"மேடம், அவங்க கேட்டது பட்டியல் சரியாவணும்னு. பொண்ணு சரியாவணும்னு யாரும் கேக்கலியே."

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்

கோதண்டம் திருத்தி முடித்ததும் கௌசல்யாவின் வருகையை ஜூன் மாதத்திலிருந்து கலரில் பிரிண்ட் எடுத்தேன். வந்த நாளுக்குப் பச்சைக் கட்டம், வராத நாளுக்குச் சிவப்பு. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரம் முழுக்கப் பச்சை, அடுத்த வாரம் முழுக்கச் சிவப்பு, மறுபடி பச்சை. காய்ச்சல் இப்படி முறை வைத்து வராது. கழனி வேலையும் இப்படி வராது. ஆகஸ்டில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு சிவப்பு வாரம் சேர்ந்தாற்போல இருந்தது. அடக்க முடியாமல் ஏஐயிடமே காரணம் கேட்டேன். ஏழு காரணங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, குடும்பத்தாரிடம் பேசிப் பாருங்கள் என்றது. நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது.

ஒரு சிவப்பு வாரத்தில், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று வயதுத் தம்பிக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து சேர் போட்டாள். ஏனம்மா வரவில்லை என்றால் வயிற்றுவலி என்றாள். வாரம் விட்டு வாரமா வயிற்றுவலி என்றால் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் கணக்கு நோட்டு திறந்திருந்தது. பழக்கதோஷத்தில் எடுத்துத் திருத்தினேன், ஆறு கணக்கும் சரி. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நான் வண்டியைக் கிளப்பும்போதுதான் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"மேடம், எங்கம்மாவாண்ட மட்டும் சொல்லாதீங்க. நான் தெனம் இஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கேன்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

அமுதா பார்த்த கட்டங்கள்

இரண்டு நாள் இதையே யோசித்தேன். பிள்ளை நம்பிச் சொன்னதைப் போட்டுக்கொடுப்பதா? சொல்லாமல் விட்டால் நாமினல் ரோலுக்குக் கடைசி நாள் வந்துவிடும். கடைசியில் அம்மாவுக்குப் போன் செய்தேன். அமுதா சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, நேராக என் ஆபீஸுக்கு வந்தார். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஒயர் கோக்கும் லைனில் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. யூனிபாரமும் கழுத்தில் அட்டையுமாக உட்கார்ந்து, ஸ்காலர்ஷிப் ஏதாவது வந்திருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டார்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அந்தப் பிரிண்டை அவர் முன்னால் வைத்தேன். உங்கள் பெண்ணுடையது, பச்சை வந்த நாள், சிவப்பு வராத நாள் என்றேன். முதலில் நம்பவில்லை, வேறு பிள்ளையுடையதாக இருக்கும் என்றார். பிறகு ஜூன் மாதத்து முதல் கட்டத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வாரமாக நகர்த்தினார். உதடு எதையோ எண்ணியது. இரண்டு சிவப்பு வாரம் சேர்ந்திருந்த ஆகஸ்டில் விரல் நின்றுவிட்டது. கூட வேலை செய்யும் பெண் பிரசவத்துக்குப் போனதால் அப்போது இவர் இரண்டு வாரம் தொடர்ந்து காலை ஷிப்ட் பார்த்தாராம். அந்த இடத்திலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்.

"இது எம் பொண்ணு லீவு இல்ல மேடம். இது என் ஷிப்ட்டு."

எட்டிலிருந்து ஒன்பது

விஷயம் இவ்வளவுதான். காலை ஷிப்ட் வாரத்தில் அமுதா ஐந்து மணி பஸ்ஸில் போய்விட வேண்டும். கௌசல்யா பள்ளிக்குப் போகும் ஆட்டோ எட்டு மணிக்கு. தம்பியை விடும் அங்கன்வாடி திறப்பது ஒன்பது மணிக்கு. நடுவில் இருக்கும் ஒரு மணி நேரம் அவனைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்தப் பெண்ணும் ஜூனில் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். தம்பியை வேறு வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று கௌசல்யா அம்மாவிடம் பொய் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் அம்மா வேலையை விட்டுவிடுவாள் என்று பயந்து, கௌசல்யா தானே படிப்பை விட்டுக்கொண்டிருந்தாள். அமுதா அழவில்லை. பேர் கொடுக்கக் கடைசி நாள் எது என்று மட்டும் கேட்டார்.

அவர் எதிரிலேயே அங்கன்வாடி டீச்சருக்குப் போன் போட்டேன். எட்டு மணிக்குப் பையனைத் தன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகட்டும் என்று நான் முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். ஒரே ஒரு போன். திங்கட்கிழமை கோதண்டம் வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லி மனு எழுதினார், அதை நானே திருப்பதி ஜில்லா ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் காரணம் என்ற இடத்தில் நோய், இடப்பெயர்ச்சி, கல்யாணம், ஆர்வமின்மை என்று வரிசை இருந்தது. எதுவும் பொருந்தாமல் "இதர" என்பதை அழுத்தி, அந்தக் கட்டம் போட்ட பிரிண்டைச் சேர்த்துக் கொடுத்தேன். மனு ஏற்கப்பட்டது, கௌசல்யா பேர் நாமினல் ரோலில் போனது. திரும்பும் வழியில் நன்றி சொல்ல அங்கன்வாடிக்குப் போனேன். அந்த அம்மாள் நன்றியைக் காதில் வாங்கவே இல்லை, கோபமாக இருந்தார்.

"அவங்க வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல மூணே வூடு மேடம். இத எனக்குச் சொல்றதுக்கு திருப்பதியில இருந்து கம்ப்யூட்டர் வரணுமா?"

இப்போதெல்லாம் ரிவியூ மீட்டிங்கில் இந்த ஏஐ வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது சார், பின்னாலேயே ஒரு ஆள் ஸ்கூட்டியில் போனால் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.