சால்வை போர்த்தாத கவுன்சிலர்

அரசியலில் வளைகிறவனுக்கு மாலை கிடைக்கும், நிமிர்கிறவனுக்கு முதுகுவலிதான் கிடைக்கும். ஏதோ ஒரு பதவியில் மாட்டிக்கொண்டு முழிக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் கொல்லிமலையில் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவன். பழைய வழக்கங்களை விடாதவன் என்பதால் சொந்தக் கட்சிக்காரர்களே என்னைப் ‘பழைய பஞ்சாங்கம்’ என்பார்கள்.

சாமி காடு

கொல்லிமலையின் நாடுகளில் ஒன்றான பைல் நாட்டில் எங்கள் ஊர்ச் சாமிக்கு ஒரு காடு உண்டு. அதற்குள் யாரும் செருப்போடு போவதில்லை, ஒரு சுள்ளிகூட ஒடிப்பதில்லை. எங்கள் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் ஒருநாள் சேந்தமங்கலத்திலிருந்து காரில் வந்தார். கூடவே வெளியூர் முதலாளி ஒருவர். காட்டுக்கு அப்பால் சொகுசு விடுதி கட்ட இடம் வாங்கியிருந்தார்.

பொறுப்பாளர் ஷூ காலோடு காட்டுக்குள் நுழையப் போனார். “ஏனுங்க, கழட்டிட்டு வாங்க” என்றேன். கூட வந்தவர்கள் முகம் வெளுத்துவிட்டது. அவர் கழற்றினார். திரும்பி வந்து, காரில் உட்கார்ந்து பாதத்து முள்ளைப் பிடுங்கியபடி சொன்னார்: “உங்க சாமி என்னை மன்னிச்சிரும்ங்க. நான்தான் உங்களை மன்னிக்க மாட்டேன்.”

தூக்காத கை

விடுதிக்கு ரோடு போட அந்தக் காட்டை வெட்ட வேண்டுமாம். ஒன்றியக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்ததே எங்கள் கட்சிதான். கை தூக்கச் சொல்லி எனக்கு முதல்நாளே போன் வந்துவிட்டது.

நான் எழுந்தேன். “ரோடு வேண்டாம்னு சொல்லலீங்க. இன்னும் மிளகு மூட்டையைத் தலையில சொமந்து போற ஊருங்க இருக்குது, அங்க போடுங்க. சாமி காட்டைத் தொடாதீங்க” என்றேன். எதிர்க்கட்சிக்காரர்கள் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். எங்கள் கட்சியிலும் சிலர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். தீர்மானம் தோற்றது. வெளியே எங்கள் மூத்த கவுன்சிலர் காதருகே குனிந்து சொன்னார்: “சாமியைக் காப்பாத்திட்டீங்க. இனிமே சாமிதான் உங்களைக் காப்பாத்தோணும்.”

சீட்டு

அடுத்த தேர்தலில் எனக்குச் சீட்டு இல்லை. பொறுப்பாளர் வீட்டுக்குப் போய் ஒரு சால்வை போர்த்தி மன்னிப்புக் கேட்டால் யோசிப்பார்களாம். சொல்ல ஆள் வந்தார். எங்கள் ஊரில் அந்தக் கட்சியின் முதல் கொடிக்கம்பத்தை நட்டவன் நான்.

மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி பொன்னாயி தலை நிமிராமலே வந்தவருக்குப் பதில் சொன்னாள்: “ஊட்டுல சால்வை இருக்குதுங்க. குளிருக்கு நாங்க போத்திக்கறதுக்கு வெச்சிருக்கறோம்.”

சுயேச்சை

சுயேச்சையாக நின்றேன். ஓட்டுக் கேட்டு, தையல் கடை வைத்திருக்கும் செல்வியின் வீட்டுக்கும் போனேன். அவள் எங்கள் வழக்கத்தை மீறி, எங்கள் சனத்துக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவள். அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

“என் எண்ணம் இன்னும் மாறலை கண்ணு. மாறிருச்சுன்னு பொய் சொல்லி ஓட்டுக் கேக்க மாட்டேன்” என்றேன். அவள் மெஷினை நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: “உங்ககூட எனக்குச் சண்டை தீரலீங்க. மூஞ்சிக்கு நேரா சண்டை போட ஒன்றியத்துல ஒரு ஆள் வேணும்ங்க, அதுக்காகப் போடறேன்.”

கொஞ்ச ஓட்டில் தோற்றேன், ஆனால் ஜெயித்தவர் இன்றுவரை காட்டை வெட்டும் அந்தத் தீர்மானத்தை மறுபடி கொண்டுவரத் துணியவில்லை என்பதால், என்னைத் தோற்றவன் என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து பென்சிலால் எழுதிக்கொள்ளட்டும்.