தலைவர் பட்டணம் போன நாள்

என் அக்காவின் கணவரை ஊரில் எல்லோரும் வைஸ் பிரசிடெண்டு என்பார்கள். எனக்கு அவர் பாவா. பஞ்சாயத்து போர்டில் அவருக்கு என்ன அதிகாரம் என்று யாராவது கேட்டால் அக்கா முந்திக்கொள்வாள்: "தலைவருக்குப் பக்கத்து நாற்காலி. அதுவும் கால் ஆடுற நாற்காலி." பாவாவும் கூடச் சிரிப்பார். அவருக்குத் தறிதான் பிழைப்பு.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நாலைந்து நாள் இருக்கும்போதே மலைக்கோயிலுக்குப் போகும் காவடிக்காரர்கள் எங்கள் ஊர்ச் சத்திரத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் தெருக்கோடிக் கிணற்றில்தான் குளித்தார்கள், அதையேதான் குடித்தார்கள். நாங்களும் அதைத்தான் குடித்தோம். ஒரு காலை, சத்திரத்தில் யாருக்கோ வாந்தியும் பேதியும் என்று பால்காரி சொல்லிவிட்டுப் போனாள். என் மகன் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தான். நான் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் அவன் எந்த வீட்டுக் குவளையையும் விட மாட்டான். நாள் முழுக்க அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. யோசனை கேட்க ஆளில்லை.

கிணற்றில் சிவப்பு மருந்து கலந்தால் காலரா பரவாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். மருந்து டப்பா போர்டு ஆபீசிலேயே இருந்தது. தெருவில்தான் எதிர்ப்பு. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட அந்தத் தண்ணீர்தான். மருந்து கலந்தால் வெள்ளை நூல் சிவந்துபோகும் என்று நெசவுக்காரர்கள் பயந்தார்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ளத் தலைவருக்கு மனசில்லை. முந்தின வருஷமும் "பார்க்கலாம்" என்றே கிருத்திகையைக் கடத்திவிட்டார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாவா வீட்டுக்கு ஓடினேன். அவர் தறியில் இருந்தார்.

"தலைவர் வரட்டும்மா. பட்டணம் போயிருக்கார். சாயந்திரம் ரயில்ல வந்துடுவார்."

"போறப்ப உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா பாவா?"

"ஆங், 'நான் வர வரைக்கும் பார்த்துக்குங்க'ன்னார். எப்பவும் சொல்றதுதான். நான் தலையாட்டுவேன், அவர் ரயில் ஏறுவார்."

"நாலு பேர் எதிர்லயா சொன்னார்?"

"ஸ்டேஷன்ல போர்டு ஆளுங்க எல்லாம் நின்னுகினுதான் இருந்தாங்க."

"அப்போ சாயந்திரம் வரைக்கும் பிரசிடெண்டு நீங்கதானே?"

தறி நின்றது. அடுப்பங்கரையிலிருந்து அக்கா சொன்னாள்: "நாற்காலிக்கு ஆணி அடிச்சிட்டா பாருங்க என் தங்கச்சி."

பால்காரி பேச்சை நம்பி அவரைத் தெருவோடு மோதவிடுகிறேனா? நிஜமாகவே நூல் சிவந்துவிட்டால்? "வேணாம் பாவா, விடுங்க" என்றேன். அதற்குள் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார்.

கிணற்றடியில் கூட்டம் கூடிவிட்டது. "வைஸுக்கு இன்னைக்குக் கொம்பு மொளைச்சிருக்குடா" என்றார் ஒரு பெரியவர்.

"ரயில் வந்தா உதிர்ந்துடும் மாமா. அதுக்குள்ள முட்டிப் பார்த்துடறேன்" என்றார் பாவா. பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "கஞ்சிக்கு வேணுங்கற தண்ணியை இப்பவே எடுத்துக்குங்க. அப்புறம் மருந்து போடறேன். நாளைக்குக் காலைல இதே தண்ணியில என் பாவுக்குத்தான் முதல்ல கஞ்சி. செவந்தா என் பாவு செவக்கட்டும்."

வெள்ளைப் பாவு, அந்த மாதம் முழுக்க அவர் நெய்ய வேண்டியது. அக்கா இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். அவளைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் வந்தார்கள். மதியத்துக்கு மேல் மருந்து விழுந்தது. கிணறு பன்னீர் ரோஜா நிறமாகிவிட்டது.

தலைவர் ரயிலிலிருந்து இறங்கி நேரே கிணற்றடிக்குத்தான் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"யார் போடச் சொன்னது?"

"நான்தாங்க. நீங்கதான் பார்த்துக்கச் சொன்னீங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். திரும்பிப் போகும்போது எங்கள் வாசலருகே பாவாவிடம் மெல்லச் சொன்னார்: "நல்லதாப் போச்சு. நான் இருந்திருந்தா போட்டிருக்க முடியாது." அவ்வளவு பெரிய நாற்காலியில் இருந்தவருக்கு முடியாதது பாவாவுக்கு முடிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விடிந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்தேன். நிறம் தெளிந்திருந்தது. பாவா கஞ்சி போட்டுப் பாவு நூலைத் தெருவில் நீட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நேற்றுக் கொம்பைப் பற்றிப் பேசிய பெரியவர் நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தான்பா இருக்குது" என்று தன் குடத்தையும் கிணற்றில் இறக்கினார். பாவா அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சத்திரத்து ஆள் மறுநாளே எழுந்து காவடியோடு மலையேறிவிட்டாராம். வந்தது காலராவா, ஊசிப்போன சோறா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவசரப்பட்டேனோ என்று இப்போதும் சில சமயம் தோன்றும். எங்கள் தெருவில் யாரும் படுக்கவில்லை, அது போதும்.

பாவு நீட்டிய அன்று அக்கா வீட்டில் என் மகன் ஒரு குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். கொதிக்க வைத்ததா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.