கஷாயம் குடிக்கும் வண்டி

ஆர்லன் ஹாவ்லண்ட் இரும்பு வாணலியின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். கொட்டகை அவருடையது, அடுப்பும் அவருடையது, வாணலி மட்டும் மனைவி வெர்னாவுடையது. சூடேறிய வாணலியில் கறுப்பு எண்ணெயை நாலு சொட்டு விடுகிறார். சடசடவென்று பொரிந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. சத்தமில்லாமல் புகைந்தால் நல்ல எண்ணெய். “பேசாம இரு வெர்னா. அது பேசுது” என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையாவது இந்த மனுஷன் இப்படிக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறானா என்று வெர்னா யோசித்துப் பார்க்கிறாள்.

ஊரார் தங்கள் வண்டிகளிலிருந்து வடித்துவிடும் பழைய இஞ்சின் எண்ணெய்தான் ஆர்லனின் சரக்கு. பீப்பாய்களில் தெளிய வைத்து, வடிகட்டி, பெட்ரோல் விட்டு இளக்கி, டீசலுக்குப் பதிலாகத் தன் பிக்கப் வண்டிக்கு ஊற்றுகிறார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் கஷாயம். வடிகட்டுவது பழைய ஜீன்ஸ் கால்களில். அடியில் முடிச்சுப் போட்டு உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார், கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை இன்ஷூரன்ஸ்காரர் கொட்டகைக்குள் தலையை நீட்டி, இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லாமல் கால்கள் மட்டும் தொங்குவதைப் பார்த்துவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே காரைப் பின்னால் எடுத்தார்.

எண்ணெயை மோந்து பார்த்தே யார் வீட்டு வண்டி என்று சொல்லிவிடுவார். “இது பாதிரியார் கார். பாவத்தக் கழுவு கழுவுங்கறாரு. இஞ்சின் எண்ணெய மட்டும் மாத்த மாட்டேங்கறாரு.” மான்டானாவில் கஷாயத்தைக் கெட்டியாக்கும் குளிர் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் காலையில் எழுந்ததும் வாசலில் நின்று காற்றை முகர்ந்த பிறகே பெட்ரோலைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார். ஊர் நடுவிலுள்ள பெட்ரோல் பங்க்கைக் கடக்கும்போது, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டைக் கடப்பவர் போல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார். வண்டி போனபின் தெருவில் கருகிய வாடை நெடுநேரம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெர்னா அதைத் தேவாலயத்துக்குப் பின்னால், காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்வாள்.

அக்டோபரில் ஓர்வில் இறந்துபோனார். ஊரில் கராஜ் வைத்திருந்தவர். ஆர்லனின் எண்ணெயில் பாதி அவர் கொடுத்தது. தன்னை ஆர்லன் வண்டியில்தான் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் மனைவி கிளாரிஸ் இதைப் பற்றிப் பேச வந்தது ஆர்லனிடம் அல்ல, வெர்னாவிடம்.

“கல்லறை மேட்டுல அந்த வண்டி நின்னுச்சுன்னா, ஓர்வில் பெட்டி மூடியத் தள்ளிட்டு எழுந்து வந்து ரிப்பேர் பாக்க ஆரம்பிச்சிடுவாரு. என் நாத்தனாருங்க முன்னாடி அந்த அவமானம் எனக்கு வேணாம்டி.”

“நிக்காது. நான் பொறுப்பு” என்றாள் வெர்னா.

அன்று மாலை கொட்டகைக்குப் போய், “ஒரே ஒரு நாள், ஆர்லன். கடை டீசல்” என்றாள்.

“கஷாயத்துக்கு என்ன குறைச்சல்?”

“நான் வாக்குக் கொடுத்துட்டேன்.”

அவர் வாணலியைப் பார்த்தார், தொங்கும் கால்களைப் பார்த்தார். “சரி, தொட்டியில கஷாயத்த ஊத்த மாட்டேன்” என்று தொட்டியைக் காலி செய்துவிட்டு, கேன்களை எடுத்துக்கொண்டு வெர்னாவின் காரில் பங்க்குக்குப் போனார். கல்லாவில் இருந்த லூவெல்லா நிமிர்ந்து பார்த்து, “டாய்லெட் பின்னாடி இருக்கு, ஆர்லன்” என்றாளாம்.

மறுநாள் பெட்டியும் மலர்வளையங்களும் வண்டியின் பின்தட்டில் ஏறின. முன்சீட்டில் வண்டி ஓட்ட ஆர்லன், நடுவில் வெர்னா, ஜன்னலோரம் கிளாரிஸ். புகையில்லை, வாடையில்லை. வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேட்டில் பாதி ஏறியதும் வண்டி இருமியது. மறுபடி இருமியது. நின்றது. பின்னால் கார்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஆர்லன் இறங்கி முன்மூடியைத் தூக்கினார். வெர்னா கிளாரிஸின் முழங்கால்களைத் தாண்டி இறங்கி ஓடினாள். அவர் கையில் டீசல் ஃபில்டர். அதற்குள் கன்னங்கரேலென்று சேறு.

“இத்தனை வருஷ வண்டல். தொட்டி அடியில அதுபாட்டுக்குப் படுத்திருந்துச்சு. சுத்தமான டீசல் போய்க் கிளப்பி விட்டுடுச்சு.”

“சிரிக்காத. சாவு ஊர்வலம் இது.”

“நான் எங்க சிரிக்கறேன்? என் மூஞ்சியே இப்படித்தான்.”

“மாத்து ஃபில்டர் இருக்கா?”

“இருக்கு. ஆனா வெறும் ஃபில்டர மாட்டினா இஞ்சின் காத்தத்தான் உறிஞ்சும். எண்ணெய நெறச்சு மாட்டணும்.” பிடரியைச் சொறிந்தார். “ஓர்வில் கால்மாட்டுல, பெரிய வளையத்துக்குக் கீழ ஒரு கேன்…”

“கஷாயம் எடுத்துட்டு வரமாட்டேன்னு சொன்னியே!”

“தொட்டியில ஊத்த மாட்டேன்னுதான் சொன்னேன்.”

வெர்னா வண்டியின் பின்புறம் போனாள். எல்லாக் கார்களும் அவளையே பார்த்தன. வேறு வழியில்லாமல் பெட்டியின் முன் தலை குனிந்து நின்றாள். உடனே ஆண்கள் காரைவிட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். பாதிரியார் கண்களை மூடிச் சத்தமாகவே ஜெபிக்கத் தொடங்கினார். எல்லாத் தலைகளும் தாழ்ந்திருந்த அந்த நேரத்தில் அவள் வளையத்தைத் தூக்கி, கேனை உருவிக் கோட்டுக்குள் மறைத்து, கர்ப்பிணி மாதிரி நடந்து முன்னால் வந்தாள். பாதிரியார் ஆமென் சொல்லும்போது ஃபில்டர் நிறைந்திருந்தது.

இரண்டு மூன்று முறை வெறுமனே உறுமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை ஒரு கொட்டகை அளவுக்குக் கிளம்பி, பெட்டியையும் பூக்களையும் பாதிரியாரையும் மூடியது. வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. பின்னால் வந்த கார்களில் வரிசையாகக் கண்ணாடிகள் ஏறின.

வெர்னாவுக்குக் கிளாரிஸைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கராஜிலிருந்து இந்த வாடையோடு சமையலறைக்குள் வரக்கூடாது என்று ஓர்வில்லைக் கடைசிவரை பின்வாசலிலேயே சட்டை மாற்ற வைத்தவள் அவள். “கிளாரிஸ், நான் சொல்ல வந்தது என்னன்னா…” என்று ஆரம்பித்தாள்.

கிளாரிஸ் பேசாமலிரு என்று கையைக் காட்டினாள். பிறகு தன் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, கண்ணாடியை அடிவரைக்கும் இறக்கி, அந்தப் புகைக்கு முகத்தைக் காட்டினாள்.