பாஸ்வேர்ட் கேட்ட பெட்டி

இவர் எங்கள் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் போட்டது மகளுக்குப் பயந்துதான். சொன்னால் யார் நம்புவார்கள்? துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இவர் கணக்கு ரியூசன் கொடுத்தார். மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். சோதனைத்தாளை இவர் வீட்டிலேயே அடித்து வைப்பார், அதை அவள் முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாதாம். சுவிட்சைப் போட்டதும் மற்றதெல்லாம் வருவதற்கு முன்னரே ஒரு கறுப்புத் திரை பாஸ்வேர்ட் கேட்கும். எனக்காவது சொல்லுங்கோ என்று கேட்டேன்.

"உமக்குச் சொன்னா அவளுக்குச் சொன்ன மாதிரித்தான்" என்று சிரித்தார். பொய்யில்லை. அவள் கேட்டால் என் வாயில் ஒன்றும் நிற்காது.

யுத்தம் மறுபடி தொடங்கிய காலம் அது. ஆமி சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதிக்க வருகுது என்று தெரிந்தால் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வோம். அலுமாரி, சூட்கேஸ், குசினியில் அரிசி ரின் மூடி வரை எல்லாவற்றையும் திறந்து வைப்போம். பூட்டியிருந்தால் சந்தேகம் வரும். அன்றைக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, குடும்பப் படத்தோடு, வீட்டில் இருப்பவர்களைப் பதிந்த ஆமி அட்டையையும் மேசையில் வைத்துவிட்டு நின்றேன். கம்ப்யூட்டரும் ஒரு பூட்டுத்தான் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

இவர் விடியவே ஒரு செத்தவீட்டுக்குக் கந்தளாய் போயிருந்தார். வந்தவர்களில் ஒருவன் சுவிட்சைப் போட்டான். திரை கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியாது என்றேன்.

"உங்கட வீட்டுப் பெட்டி, உங்களுக்குத் தெரியாதோ?" தமிழ் தெரிந்தவன் கேட்டான். பிறகு, "மாஸ்டர் வந்ததும் முகாமுக்கு வரச் சொல்லுங்கோ. அவரோட இங்க வந்து பாக்கிறம், திறந்து காட்டினாச் சரி" என்றான்.

பின்னேரம் இவர் வந்தார். நாளைக்குப் போவம் என்றார். நான்தான் விடவில்லை. "இப்பவே போயிட்டு வாங்கோ, பிந்தினா இன்னும் சந்தேகப்படுவாங்கள்" என்று நின்றேன். "கணக்குத்தாள்தானே, காட்டினாப் போச்சு" என்று சேர்ட்டை மாற்றிக்கொண்டு போனார். அடுத்த நாள் நாங்கள் போய்க் கேட்டபோது, வந்தார், போய்விட்டார் என்றார்கள். எங்கே போனார் என்று கேட்க அங்கே வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் உட்காருவேன். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தால் கொண்டுபோய்ச் சொல்லி ஆளைக் கூட்டிவந்துவிடலாம் என்று நம்பினேன். விசர் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. மூன்று முறை பிழையாக அடித்தால் பெட்டி அப்படியே நின்றுவிடும். நிறுத்திப் போட்டு மறுபடி மூன்று. மகளின் பெயர், சாமி கோணேசர் பெயர், இவருடைய அம்மாவின் பெயர். என் பெயருக்கும் அது திறக்கவில்லை என்று தெரிந்த அன்றைக்கு, வீட்டில் இல்லாத மனுசனோடு மத்தியானம் வரை சண்டை பிடித்தேன். உள்ளே விசிறி சுற்றும்போது இவர் பின்னால் நின்று நான் தட்டுவதைப் பார்க்கிறார் என்று பிடரி சொல்லும். திரும்பிப் பார்க்கவே மாட்டேன். பார்த்தால் போய்விடுவார் என்று பயம்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. பிறகு பெட்டி தானாகவே நிற்கத் தொடங்கியது. மகள் ஒரு திருத்துகிறவரைக் கூட்டிவந்தாள். குறிஞ்சாக்கேணி ஆள், டவுன் கடையொன்றில் வேலை. மூடியைக் கழற்றி, மதர்போர்டில் வயிறு ஊதியிருந்த சின்னச் சின்ன உருளைகளைக் காட்டினார்.

"இது இனித் தாங்காது அக்கா. போர்டையும் புரொசெசரையும் மாத்துவம். ஹார்ட் டிஸ்க் இதேதான், மாஸ்டர்ட சாமான் எல்லாம் அப்படியே இருக்கும்."

"பாஸ்வேர்ட்?"

"அது போர்டிலதான் இருக்கு. போர்ட் போனா அதும் போயிடும். இல்லாட்டி உந்தப் பற்றரியைக் கழட்டினாலே போதும்." சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பற்றரி.

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"ரெண்டு நிமிசம்."

திருத்த வந்த மனுசனைக் கண்டபடி ஏசிப்போட்டேன். ரெண்டு நிமிசமாம். அன்றைக்கு யாராவது மூடியைக் கழற்ற ஒரு திருப்புளி கொண்டுவந்திருந்தால் இவர் போயிருக்கவே தேவையில்லை. பாவம், தேத்தண்ணியையும் குடிக்காமல் எழுந்து போனார்.

ஒரு கிழமை எனக்கு நித்திரையே இல்லை. மாற்றினால் இவர் நினைத்து வைத்த சொல் என்னவென்று எனக்கு எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. இந்த வீட்டில் இவருடைய மனதுக்குள்ளிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். மாற்றாவிட்டால்? முகாம்காரர்கள் அந்தச் சொல்லையா கேட்டார்கள்? திறந்து காட்டினாச் சரி என்றுதானே சொன்னார்கள். அப்படியென்றால் பற்றரியை மட்டும் கழற்றுவோம், போர்ட் இவருடையதாகவே இருக்கட்டும் என்றேன். மகள்தான் ஒரு கேள்வி கேட்டாள்.

"அவங்களுக்கு முன்னால பெட்டி நிண்டு போச்சுதெண்டா என்ன செய்வீங்கள், அம்மா?"

ஒரு சோடி காப்பைக் கொடுத்து போர்டையும் புரொசெசரையும் மாற்றினோம். திருத்துகிறவர் புதுப் போர்டைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார், இரண்டு சோதனைச் சாவடியில் அவிழ்த்துக் காட்டினாராம். சுவிட்சைப் போட்டார். ஒன்றும் கேட்காமல் சட்டென்று திறந்தது. பிடரியைத் தடவிப் பார்த்தேன். பின்னால் யாரும் நிற்கிற மாதிரி இல்லை. அழுகை வந்தது. உள்ளே கணக்குத்தாள்கள்தான், வேறொன்றுமில்லை.

அடுத்த நாள் காலை, மகளை வீட்டில் விட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் முகாமுக்குப் போனேன். வாசலில் நின்றவன் புதியவன், மீசை கூட ஒழுங்காக வரவில்லை.

"திறந்திட்டன்" என்றேன். "இப்ப திறக்குது. பாருங்கோ."

அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தனக்குத் தெரிந்த தமிழில் மரியாதையாகத்தான் சொன்னான்.

"ரிப்பேர் இங்க இல்ல அம்மா. கடை டவுனில."