இடதும் இடதும்

மகளுக்கு இரண்டரை வயது முடிந்த சமயம் வேலூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் அவளைக் காட்டினோம். "அம்மா", "தா", "வேணா" என்ற மூன்றைத் தாண்டி அவள் எதுவும் பேசவில்லை. டாக்டரம்மா காதைச் சோதித்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு எங்களிடம் கேட்டார்: "ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு பொம்மையைக் குடுத்தா சேர்த்து வைக்கிறாளா?"

எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. "ஒரு மாசம் வீட்டுல இருக்கிற சாமானை வெச்சே விளையாட விடுங்க. எப்படிச் செய்யறான்னு வந்து சொல்லுங்க. அப்புறம் என்ன பண்ணலாம்னு பேசலாம்" என்றார். காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கும்வரை அந்த 'அப்புறம்' என்னவாக இருக்கும் என்று புலம்பிக்கொண்டே வந்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் மேஜையில் வேலை பார்க்கிறேன். பத்து வருஷமாக அதே மேஜைதான். வந்து குவிகிற ஷூக்களில் இடதையும் வலதையும் எடுத்து, நிறம் ஒத்துப்போகிறதா, தோலின் சுருக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். சேர்த்து வைப்பதற்கே சம்பளம் வாங்குகிறவளின் பெண்ணுக்குச் சேர்த்து வைக்கத் தெரியாதாமா? அந்த ரோஷம் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் காரியத்தில் இறங்கியது என் வீட்டுக்காரர்தான். தோல் பதனிடுகிற டேனரியில் அவருக்கு மதியத்துக்கு மேல்தான் ஷிப்ட். காலையில் நான் கம்பெனி வேனில் ஏறிய பிறகு குழந்தை அவர் பொறுப்பு. அவர் கிளம்பினால் நான் வரும்வரை பாபி என்று நாங்கள் கூப்பிடுகிற பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு பாதித் தெரு நடந்துவிட்டுத் திரும்பி வருகிற ஆள். இவர் எதைச் சேர்த்து எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு மாதத்தில் அவர் செய்ததைப் பார்த்து அசந்துபோனேன்.

முதல் நாள் இரண்டே வகைதான் வைத்தார். இரண்டு கார், இரண்டு கரண்டி. ஒரு காரைத் தரையில் வைத்துவிட்டு, இன்னொன்றை அவள் கையில் கொடுத்து, "இது எங்க போவும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவுதான். அவள் கரண்டிமேல் காரை வைத்தால் முகம் சுளிக்க மாட்டார். "சரி, கரண்டி தூங்கட்டும். கார் எங்க போவும்?" என்பார். அவள் சரியாக வைத்ததும் மூன்றாவதாகத் துணி மாட்டுகிற கிளிப்பைச் சேர்த்தார். அப்புறம் தண்ணீர் பாட்டில் மூடிகள், நீலத்தோடு நீலம், வெள்ளையோடு வெள்ளை. அப்புறம் சொப்புச் சாமானில் எந்தச் சட்டிக்கு எந்த மூடி என்பது. என்னுடைய காலி ஷூ பெட்டி ஒன்றின் மூடியில் பிளாஸ்டிக் யானை, வாத்து, பஸ் மூன்றையும் படுக்க வைத்து, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டிருந்தார். யானையைத் தூக்கினால் யானை அளவுக்குக் காலி இடம். அதில் அவள் யானையைத் திரும்பப் படுக்க வைக்க வேண்டும். வாத்து கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மனுஷனுக்கு அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. டாக்டரிடம் போகப் பத்து நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். சின்னப் பழுது இருக்கிற குழந்தை ஷூக்களை எங்கள் கம்பெனியில் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். இவளுக்கு ஒன்று, என் அக்கா பெண்ணுக்கு ஒன்று என்று ஒரே அளவில் இரண்டு பழுப்பு ஜோடி வாங்கி வைத்திருந்தேன். நாலு ஷூவையும் கலைத்துப் போட்டு, "சேர்த்து வை பாப்பா" என்றேன்.

அவள் நாலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு இடது ஷூக்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

கலைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். மறுபடியும் இடதும் இடதும். எங்கள் மேஜையில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஒரு பெட்டிக்குள் இரண்டு இடது கால் போய்விட்டால் அந்த வாரம் முழுக்க சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்க வேண்டும். மூன்றாவது முறையும் அவள் அப்படியே வைக்கப் போனபோது என் கை என்னைக் கேட்காமலேயே போய் அந்த ஷூவைத் தட்டிவிட்டது. "அது இல்லடி!" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே கை பின்னால் போய்விடும். காலையில் அப்பாவோடு கிளிப் சேர்த்துக்கொண்டிருப்பாள், வேனுக்குக் கிளம்புகிற நான் அந்தப் பக்கம் வந்தால் நிறுத்திவிடுவாள். டாக்டரிடமும் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன எழுதுவார்கள்? என் குழந்தையை நானே கெடுத்துவிட்டேன் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நீ எதைக் குடுத்த, பாப்பா எப்படி வெச்சா? வெச்சுக் காட்டு" என்றார்.

நான் இரண்டு இடது ஷூவையும் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுல இன்னா தப்பு?"

"இன்னாங்க, ரெண்டும் லெஃப்டு!"

"டாக்டரு இன்னா கேட்டாங்க? ஒரே மாதிரி இருக்கிறதைச் சேர்க்குதான்னு தானே?" ஒரு இடதையும் ஒரு வலதையும் எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது ரெண்டும் ஒரே மாதிரியா இருக்குது? நல்லாப் பாரு."

பார்த்தேன். ஒன்று இந்தப் பக்கம் வளைந்திருந்தது, மற்றது அந்தப் பக்கம். பத்து வருஷமாக நாள் முழுக்கப் பார்க்கிற எனக்கு, இடதும் வலதும் சேர்ந்தால்தான் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். என் மகளோ நிறமும் அளவும் ஒன்றாக இருந்த நாலு ஷூவில், வளைவை வைத்துச் சரியானதைப் பொறுக்கியிருக்கிறாள், அதுவும் மூன்று முறை. எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கே அது பிடிபட ஒரு வாரம் ஆகும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே நிமிஷம் அவமானத்தில் அழுகையும் வந்துவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வுடு, இப்ப தெரிஞ்சுதில்ல" என்றார்.

இரண்டு நாள் கழித்து வேலூரில் டாக்டரம்மா மேஜைமேல் இரண்டு கரண்டி, இரண்டு கப், இரண்டு குட்டி நாற்காலி போட்டார். என் மகள் கப்பை எடுத்தாள். வைப்பதற்கு முன் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் வைத்தாள், சரியான இடத்தில். நாற்காலிக்கும் அதே மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு வாட்டியும் உங்களை ஏன் பாக்கறா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "அவ சரியா வெச்சதை நான் தப்புன்னு தட்டிவுட்டேன் டாக்டர்."

டாக்டரம்மா ஏதோ எழுதினார். மேஜையில் கரண்டிகள் மட்டும் மிச்சம் இருந்தன. என் மகள் ஒன்றை எடுத்தாள். இந்த முறை அவள் வைக்கவில்லை. நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

வாங்கினேன். இன்னொரு கரண்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் எக்கி நின்று இரண்டையும் பார்த்தாள். பிறகு என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.