தோற்றவர் பக்கம்

துணிக்கடையில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பேர். வேண்டாம் என்று படியிறங்கிய ஆளையும் திரும்பக் கூப்பிட்டு, கையில் பையோடு அனுப்பிவைப்பாள். இந்த வாய்க்கு ஒரு பட்டமும் சேரட்டுமே என்றுதான் மாலைக் கல்லூரியில் வாதக் கட்டுரை வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்த நாள் முதல் அங்கேயும் அவள் கொடிதான் பறந்தது.

ஒருநாள் பேராசிரியை குண்டைத் தூக்கிப் போட்டார். “வீட்டுல நீங்க ஜெயிச்ச ஒரு வாதத்தை எடுத்துக்குங்க. தோத்தவங்க பக்கம் நின்னு எழுதுங்க. அவங்களே படிச்சுட்டு, ‘ஆமா, இதைத்தான் நான் நினைச்சேன்’னு சொல்லணும். அப்பதான் மார்க்.”

வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் பேனாவை மூடிவைத்தாள். அவள் ஜெயித்ததிலேயே பெரியது, அப்பாவை இதய ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தது. “எனக்கு வேண்டாம்மா” என்பதைத் தவிர அந்த மனுஷன் ஒரு காரணமும் சொல்லவில்லை. இவளா விடுவாள்? டாக்டர் சொன்னதையெல்லாம் அடுக்கி, கடைசியில் “எங்களுக்காகப்பா” என்று ஒரு போடு போட்டாள். அவர் தலையாட்டினார். ஆபரேஷன் அறைக்குள் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

அன்றிலிருந்து கடையில் யாராவது “வேண்டாம்மா” என்றால் ஒரு கணம் அவள் கை நின்றுவிடும். விரித்த துணிக்கு அந்தப் பக்கம் அப்பா நிற்பார், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அதே சட்டையில். பார்க்காத மாதிரி பேசிக்கொண்டே போவாள்.

கட்டுரை எழுத உட்கார்ந்தபோதும் வந்து நின்றார். ‘எனக்கு வேண்டாம்மா’வுக்கு மேல் ஓர் எழுத்து நகரவில்லை. ஏன் வேண்டாம்? பாவி மனுஷன், சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போனாள். அம்மாவுக்கு அடுத்த வாரம் முழங்காலில் ஆபரேஷன். அதற்கும் இவள்தான் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

“அப்பா ஏம்மா வேண்டாம்னாரு? உன்கிட்டயாவது சொன்னாரா?”

“பயம்டி. வேற என்ன?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“‘சொன்னா அதுக்கும் அவ ஒரு பதில் வெச்சிருப்பா’ன்னாரு.”

அவள் வைத்திருந்தாள்தான். இப்போதுகூட அந்தப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ வாயைத் திறந்தா நான் சரின்னுடுவேன். அதனால கொஞ்ச நேரம் பேசாம இரேன்.”

கதவோரம் அப்பா நிற்பது தெரிந்தது. இந்தத் தடவை அவள் பார்க்காத மாதிரி இருக்கவில்லை. அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“சொல்லும்மா.”

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். வக்கீல் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை.